வானத்தில் போவது தெரிகிறது, கடலில் போனது தெரியவில்லையே!

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே, படகுகள் ஏற்றி வைத்திருக்கும் மணல் திட்டில் ஒரு சனிக்கிழமை மாலை. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் மின்னணுவியல் கற்பிக்கும் நண்பர், நாலு மாணவர்களோடு வந்திருந்தார். அவர்கள் கையில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி இருந்தது. அதிலிருந்து விரல் நீளத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பவர் பேங்க், ஒரு செல்போன். அவ்வளவுதான்.

பவர் பேங்கை இணைத்த ஒரு நிமிடத்தில் செல்போன் திரையில் குட்டிக் குட்டி விமானப் படங்கள் நகர ஆரம்பித்தன. ஒன்று கொழும்பு போகிறது, ஒன்று கடல் பக்கமிருந்து சென்னையில் இறங்க வருகிறது, இன்னொன்று அந்தமானுக்கு. உயரம், வேகம், திசை எல்லாம் விநாடிக்கு விநாடி மாறுகின்றன. இத்தனைக்கும் அந்த போனில் இணையத்தை அணைத்து வைத்திருந்தார்கள். எல்லாம் அந்தப் பெட்டி நேரடியாக வானத்திலிருந்து கேட்டுச் சொன்னது.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏன் தம்பி, மேல போற ஏரோப்ளேன் எல்லாத்தையும் உங்க டப்பா காட்டுது. காலையில போன நம்ம ஆளுங்க போட்டு எங்க இருக்குதுன்னு காட்டுமா?"

காட்டாது என்று மாணவர்கள் சொன்னார்கள். "அப்ப எதுக்கு?" என்று அவர் கேட்கவில்லை. சிரித்துவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார். ஆனால், அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

முதலில் அந்தப் பெட்டியைப் புரிந்துகொள்வோம். பழைய முறையில் ரேடார்தான் விமானத்தைத் தேடும். தரையிலிருந்து அலை போகும், பட்டுத் திரும்பும் அல்லது விமானத்திலுள்ள கருவி பதில் சொல்லும். இப்போது பெரும்பாலான பயணிகள் விமானங்கள் யாரும் கேட்காமலேயே தங்கள் இருப்பிடத்தைத் தாங்களே அறிவித்துக்கொண்டு போகின்றன. செயற்கைக்கோள் வழியாகத் தம் இடத்தைக் கணித்து, விநாடிக்குச் சுமார் இரண்டு முறை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்புகின்றன. இந்த முறைக்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். தேர் வரும்போது முன்னால் கட்டியம் கூறிக்கொண்டு ஒருவர் போவார் இல்லையா, அந்த மாதிரி.

இந்த அறிவிப்பில் பூட்டு கிடையாது, மறையாக்கம் கிடையாது. ஒரு செய்தி 112 பிட் நீளம்தான். விமானத்துக்கு உலகத்திலேயே தனியான ஓர் அடையாள எண், உயரம், இடம், வேகம் ஆகியவை பல செய்திகளில் பிரித்து அனுப்பப்படும். பக்கத்தில் பறக்கும் இன்னொரு விமானமும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இது திறந்த ஒலிபரப்பாக வைக்கப்பட்டிருக்கிறது.

இதைக் கேட்க ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் செலவாகும். 2012 வாக்கில்தான் நிலைமை மாறியது. கணினியில் டி.வி. பார்க்க விற்கப்பட்ட மலிவான யுஎஸ்பி குச்சி ஒன்றில் இருந்த ரியல்டெக் சில்லு, டி.வி. அலையை மட்டுமல்ல, பல அலைவரிசைகளையும் அப்படியே பச்சையாகக் கணினிக்குக் கொடுக்கும் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். இத்தாலியைச் சேர்ந்த நிரலாளர் சால்வத்தோரே சன்ஃபிலிப்போ, அந்தக் குச்சியை வைத்து விமானச் செய்திகளைப் பிரித்துப் படிக்கும் 'டம்ப்1090' என்ற நிரலை எழுதி, எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டார். அன்றிலிருந்து இது மாணவர்கள் செய்யக்கூடிய வேலையாகிவிட்டது.

ஆக, பெட்டிக்குள் இருப்பது இவ்வளவுதான்: அந்த யுஎஸ்பி குச்சி, ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு சின்னக் கணினி, ஓர் ஆன்டெனா. அந்த அலையின் நீளம் சுமார் 27.5 சென்டிமீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 7 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கம்பியே ஆன்டெனாவுக்குப் போதும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் இருந்தால் ஏழெட்டு மணி நேரம் ஓடும். செலவு சில ஆயிரம் ரூபாய். பெட்டியே ஒரு வைஃபை இணைப்பை உருவாக்கும். செல்போன் செயலி அதில் சேர்ந்து, பெட்டி பிரித்துக் கொடுக்கும் விவரத்தை வரைபடத்தில் போடும். அமெரிக்காவில் சின்ன விமானம் ஓட்டுபவர்கள் பலர் 'ஸ்ட்ராட்டக்ஸ்' என்ற பெயரில் இதே மாதிரிப் பெட்டியைத் தாங்களே செய்து, காக்பிட்டில் வைத்துக்கொள்கிறார்கள்.

செயலி சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம்

அந்த மாணவர்கள் செயலியில் முதலில் செய்த தவறை நண்பர் சொன்னார். செய்தி நின்றுபோன விமானத்தைத் திரையிலிருந்து உடனே அழித்துவிட்டார்களாம். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனின் அம்மா, "ஐயோ, விழுந்துடுச்சா?" என்று பதறிவிட்டாராம். பிறகு மாற்றினார்கள். இப்போது செய்தி வராவிட்டால் விமானப் படம் மங்கும், பக்கத்தில் 'கடைசியாகக் கேட்டது 40 விநாடிக்கு முன்' என்று எழுத்து வரும்.

சின்ன மாற்றம்தான். ஆனால், கண்காணிப்புக் கருவி எதுவாக இருந்தாலும் அதன் உயிர்நாடி இதுதான் என்பேன். 'எங்கே இருக்கிறது' என்று சொல்வதோடு, 'எனக்கு எப்போதிலிருந்து தெரியவில்லை' என்றும் சொல்ல வேண்டும்.

ஏன் தெரியாமல் போகிறது? பூமி உருண்டை, அதுதான் காரணம். இந்த அலை நேர்கோட்டில் போவது. 35,000 அடியில் பறக்கும் விமானத்தைக் கரையில் நிற்பவர், கணக்குப்படி, சுமார் 425 கிலோமீட்டர் வரை கேட்கலாம். ஆயிரம் அடியில் பறந்தால் 70 கிலோமீட்டர்தான். அதற்கு அப்பால் கடல் மறைத்துவிடும். இது ஏட்டுக் கணக்கு. கையளவு ஆன்டெனாவுக்கு நடைமுறையில் இதில் பாதி கிடைத்தாலே பெரிது.

இந்தக் கணக்கை நம் மாவட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் மனசு கனக்கும்.

தாம்பரத்திலிருந்து போன விமானம்

2016 ஜூலை 22. இன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து காலை 8.30 மணிக்கு ஏஎன்-32 ரக விமானம் ஒன்று போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. 29 பேர் இருந்தார்கள். 9.12 மணிக்கு, சென்னைக்குக் கிழக்கே சுமார் 280 கிலோமீட்டரில், 23,000 அடி உயரத்திலிருந்து இடது பக்கம் திரும்பி வேகமாக இறங்குவதுதான் ரேடாரில் கடைசியாகத் தெரிந்தது. அபாய அழைப்பு எதுவும் பதிவாகவில்லை. கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கி என்று பெரும் தேடல் நடந்தது. செப்டம்பரில் அது கைவிடப்பட்டது.

பதில் கிடைத்தது 2024 ஜனவரியில். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி வாகனம், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதைவுகளைப் படமெடுத்தது. அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல்போனதாகப் பதிவு இல்லாததால், அது அந்த ஏஎன்-32 ஆகத்தான் இருக்கும் என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. 29 குடும்பங்கள் ஏழரை ஆண்டு காத்திருந்தன.

இதே கடலில் ஓராண்டுக்கு முன் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015 ஜூன் 8 அன்று கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் மூன்று பேரோடு காணாமல்போனது. அதன் நீரடி ஒலிக்கருவி விட்டுவிட்டு எழுப்பிய ஓசையை நீர்மூழ்கிக் கப்பல் சிந்துத்வஜ் கேட்டது. ஜூலை மாதமே கடலூருக்கு அப்பால் சுமார் 950 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடைத்தன. மூவரும் திரும்பவில்லை. ஆனால், என்ன ஆனார்கள் என்ற பதில் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான நாள்களில் வந்தது. ஒரு மாதம் எங்கே, ஏழரை ஆண்டு எங்கே! கடலின் ஆழமும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனாலும், கடைசி நேரத்தில் ஏதோ ஒன்று குரல் கொடுத்ததா இல்லையா என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இது காட்டுகிறது.

சரி, மாமல்லபுரம் மணலில் அன்றைக்கு இந்தப் பெட்டி இருந்திருந்தால்? நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பெரிதாக உதவியிருக்காது. ராணுவ விமானங்கள் தங்கள் இருப்பிடத்தை எல்லோருக்கும் ஒலிபரப்பிக்கொண்டு போவது கட்டாயம் அல்ல. அப்படியே ஒலிபரப்பியிருந்தாலும், 280 கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 15,000 அடிக்குக் கீழே வரும் எதையும் கரையில் நிற்பவரால் கேட்க முடியாது. கடைசி 15,000 அடி இருட்டுதான்.

உலகம் இந்த இருட்டை மூட முயன்றுகொண்டுதான் இருக்கிறது. 2014-ல் மலேசிய விமானம் எம்எச்370 காணாமல்போன பிறகு, பெருங்கடல்களுக்கு மேல் பெரிய பயணிகள் விமானங்களின் இருப்பிடம் 15 நிமிடத்துக்கு ஒரு முறையாவது தெரிய வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதி வகுத்தது. புதிய பெரிய விமானங்கள் ஆபத்தில் சிக்கினால் நிமிடத்துக்கு ஒரு முறை தாமாகவே இடத்தைச் சொல்ல வேண்டும் என்ற விதியும் வந்தது. நீரடி ஒலிக்கருவியின் ஆயுள் 30 நாளிலிருந்து 90 நாளாக உயர்ந்தது. தரையிலுள்ள ஆன்டெனாவுக்கு எட்டாததைச் செயற்கைக்கோள்கள் மேலிருந்து கேட்கும் சேவை 2019-ல் தொடங்கியது.

படகுக்கு யார் கட்டியம் கூறுவது?

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். விமானத்துக்கு இவ்வளவு ஏற்பாடு. கோவளம், பட்டிபுலம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று இந்தக் கரை நெடுக விடியலுக்கு முன்னால் கிளம்பும் ஃபைபர் படகுக்கு என்ன ஏற்பாடு?

ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்களுக்குத் தகவல் சொல்ல வழியே இல்லை. செல்போன் சிக்னல் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரோடு சரி. அதன் பிறகு, 2019-ல் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் விமானங்கள் துல்லியமாக இறங்குவதற்காக உருவாக்கிய 'ககன்' செயற்கைக்கோள் அமைப்பு வழியாகத்தான் அந்தக் கருவிக்குப் புயல் எச்சரிக்கையும் மீன் கிடைக்கும் இடமும் வரும். கருவி அதை புளூடூத் மூலம் செல்போன் செயலிக்குக் கொடுக்கும். விமானத்துக்காகக் கட்டியது மீனவருக்கும் உதவியது. ஆனால், அது காது மட்டும்தான், வாய் கிடையாது. படகிலிருந்து பதில் சொல்ல முடியாது.

2024 ஜனவரியில் இஸ்ரோ தன் அபாய எச்சரிக்கைக் கருவியின் இரண்டாம் தலைமுறையை அறிவித்தது. ஆபத்து என்று பொத்தானை அழுத்தினால், 'உங்கள் அழைப்பு வந்து சேர்ந்தது' என்று திரும்பப் பதில் வரும். செல்போனோடு இணைத்துத் தாய்மொழியில் செய்தி படிக்கலாம். அதே ஆண்டு ஆகஸ்டில், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இருவழித் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். அதற்கும் 'நப்மித்ரா' என்று ஒரு துணைச் செயலி இருக்கிறது.

நல்ல விஷயங்கள்தான். ஆனால், இப்படிப்பட்ட கருவிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் கண்முன் வருவது கேபினும் பேட்டரியும் உள்ள விசைப்படகு. இந்த மாவட்டக் கரையில் பெரிய மீன்பிடித் துறைமுகம் கிடையாது. மணலில் ஏற்றி இறக்கும் ஃபைபர் படகுதான் இங்கே வாழ்க்கை. அதில் நிழல்கூடக் கிடையாது, அலை உள்ளே வந்து போகும். அங்கே நிலையாகப் பொருத்தும் கருவி தாங்காது. கையில் எடுத்துப் போகிற, தண்ணீரில் விழுந்தால் மிதக்கிற, தமிழில் பேசுகிற சின்னக் கருவிதான் வேண்டும். அதாவது, அந்த மாணவர்கள் செய்த மாதிரி ஒரு பெட்டி.

மூன்று கோரிக்கைகள்

அதனால்தான் சொல்கிறேன், விமானத்தைக் கேட்கும் பெட்டி செய்வது வெறும் பொழுதுபோக்கு அல்ல. அது ஒரு பயிற்சி. ஆன்டெனா நீளம் கணக்கிடுவது, உப்புக்காற்றில் இணைப்பு துருப்பிடிக்காமல் காப்பது, பேட்டரியை மிச்சப்படுத்துவது, இணையம் இல்லாமல் செயலியை ஓட வைப்பது, 'கடைசியாகக் கேட்டது எப்போது' என்று நேர்மையாகக் காட்டுவது என எல்லாமே நாளைக்குப் படகுக் கருவிக்கும் வேண்டிய பாடங்கள். வித்தியாசம், வானத்தில் இலவசமாக ஒலிபரப்பு நடக்கிறது. ஆகவே, யாருக்கும் ஆபத்தில்லாமல் கற்றுக்கொள்ளலாம்.

இதற்கு முதல் தடை சட்டத்தில் இருக்கிறது. அனுமதியோ விலக்கோ இல்லாமல் கம்பியில்லாத் தொடர்புக் கருவி வைத்திருக்கக் கூடாது என்றது 1933-ம் ஆண்டுச் சட்டம். அதன் இடத்துக்கு வந்த 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும், அரசு விலக்கு அளிக்கலாம் என்றுதான் சொல்கிறது. அலை எதையும் அனுப்பாமல், கேட்க மட்டும் செய்யும் கல்விக் கருவிகளுக்கு ஒரு தெளிவான விலக்கு வேண்டும். இல்லாவிட்டால், கடற்கரையில் பெட்டியோடு நிற்கும் பையன், "இது என்னடா?" என்று கேட்கும் காவலரிடம் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

'பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம், தாம்பரத்தில் விமானப்படைத் தளம். இங்கே போய் இதெல்லாம் தேவையா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கவலைதான். ஆனால், இந்தப் பெட்டி கேட்பது, விமானம் எல்லோருக்குமாகச் சொல்வதை மட்டும். ரகசியமாகப் போக வேண்டிய விமானம் சொல்லாமல் போகும். தற்செயலாக ராணுவ விமானம் ஏதும் திரையில் வந்தாலும் அதைப் படமெடுத்துப் பரப்பக் கூடாது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லித் தர வேண்டும். திரையில் தெரிவதெல்லாம் உண்மை என்று நம்பிவிடவும் கூடாது. செயற்கைக்கோள் சமிக்ஞையைப் போலியாக உருவாக்கி விமானங்களைக் குழப்பும் சம்பவங்கள் மேற்கு ஆசியாவில் அதிகரித்ததால், 2023-ல் நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமே எச்சரிக்கைச் சுற்றறிக்கை அனுப்பியது. இதையெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருந்தால் பாதுகாப்புக்கு நல்லதுதானே?

இரண்டாவது கோரிக்கை, பழுதுபார்ப்பு. அரசு எத்தனை கருவி கொடுத்தாலும், ரிப்பேர் ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு அலைய வேண்டும் என்றால், மூன்றாவது மாதம் அது வீட்டுப் பரணில் கிடக்கும். மாவட்டத்திலுள்ள ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களில் மீனவக் குடும்பப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்து, இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தால், குப்பத்திலேயே ஒரு மெக்கானிக் கிடைப்பார். படகு இன்ஜினுக்கு இருக்கிற மாதிரி.

மூன்றாவது, தகவல் யாருடையது என்பது. அன்றைக்கு அந்தப் பெரியவர் கிளம்பும் முன் இன்னொன்றும் சொன்னார்: "காட்டுனா நல்லதுதான் தம்பி. ஆனா, எங்க மீன் பட்டுதுன்னு ஊருக்கெல்லாம் தெரிஞ்சா அப்புறம் எனக்கு என்ன மிஞ்சும்?" பெரிய பயணிகள் விமானத்துக்குத் தன் பாதையில் ரகசியம் இல்லை. மீனவருக்கு உண்டு. அது அவர் தொழில் முதல். கூடவே, 'எல்லை தாண்டினாய், தடைக்காலத்தில் போனாய் என்று பிடிக்கத்தான் இந்தக் கருவியோ' என்ற பயமும் இருக்கிறது. ஆகவே, சாதாரண நாளில் படகின் இடம் அவருக்கும் அவர் வீட்டுக்கும் மட்டும் தெரியட்டும். ஆபத்துப் பொத்தான் அழுத்தினாலோ, சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டாலோ மட்டும் கடலோரக் காவல்படைக்கும் மீன்வளத் துறைக்கும் போகட்டும். இப்படி ஓர் உறுதி எழுத்தில் இல்லாவிட்டால், கருவியைக் கரையிலேயே அணைத்து வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மாமல்லபுரத்தில் குன்றின் மேல் இருக்கும் ஒலக்கணேஸ்வரர் கோயிலின் உச்சியில் ஒரு காலத்தில் கப்பல்களுக்காக விளக்கேற்றினார்கள். பக்கத்தில் கட்டிய கலங்கரை விளக்கம் பிறகு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. கடலில் இருப்பவருக்குக் கரை எங்கே என்று சொல்லும் கடமை இந்த ஊருக்குப் புதிதல்ல. கடலில் இருப்பவர் எங்கே என்று கரைக்குச் சொல்லும் வேலைதான் பாக்கி இருக்கிறது.

இருட்டியதும் மாணவர்கள் பெட்டியை மூடினார்கள். அந்த மாலை 60-க்கு மேல் விமானங்களைக் கேட்டிருந்தார்கள். பெரியவர் சொன்ன படகு அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. அது வருவதை எந்தத் திரையும் காட்டவில்லை. இன்ஜின் சத்தத்தை வைத்து அவர் மனைவிதான், "வந்துட்டாங்க" என்று சொன்னார். அடுத்த மாதம் படகில் வைத்துச் சோதிக்கும் மாதிரி ஒன்றைச் செய்யப் போவதாக மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கரைக்கும் படகுக்கும் இடையே மட்டும் பேசுவது. ஐந்தாறு கிலோமீட்டர் எட்டினால்கூடப் போதும் என்கிறார்கள். அனுப்பும் கருவி என்பதால் அனுமதி வாங்க வேண்டும். அந்த விண்ணப்பம் போகும் மேசையில் இருப்பவர் யாராக இருந்தாலும், கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை விடியற்காலையில் இந்த மணலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.